தண்ணீர் இல்லாத ஆறு என்னும் பேச்சு

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று நடந்து, வாயலூர் அருகே கடலில் சேரும் ஆறு இது. காஞ்சிபுரத்தின் தெற்கே ஓரிக்கையில் இறங்கினால் கால் நனையாமல் மறுகரை ஏறிவிடலாம். அந்தக் காட்சியைப் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து பிறந்ததுதான் ஊரெங்கும் கேட்கும் அந்தப் பேச்சு: “தண்ணியே இல்லாத ஆத்துல மணல் அள்ளினா யாருக்கு என்ன நஷ்டம்? அடுத்த வெள்ளத்துல தானா வந்துடும்.” வீடு கட்டுகிறவரும் சொல்கிறார், லாரி ஓட்டுகிறவரும் சொல்கிறார், மணல் கொள்ளை என்று மேடையில் முழங்குகிறவரும் வீட்டுக்குப் போனதும் இதையே சொல்கிறார். இதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. இரண்டும் தவறு.

ஆற்றில் தண்ணீர் இல்லை என்பது முதல் தவறு. காஞ்சிபுரத்தில் இதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. சித்ரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, ஐயங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குள் இறங்கி வலம்வந்து, பிறகு பாலாற்றுக்கு எழுந்தருள்கிறார். அது சித்திரை மாதம். ஆறு வெந்துகொண்டிருக்கும் நேரம். ஆற்று நடுவே மணலைத் தோண்டிப் பள்ளம் எடுக்கிறார்கள். பள்ளத்தின் அடியில் முதலில் மணல் கறுக்கிறது, பிறகு பளபளக்கிறது, பிறகு தண்ணீர் கசிந்து சேர்கிறது. அங்கேதான் பெருமாளுக்கு உற்சவம். அதன் பெயரே ஊறல் உற்சவம். கோடையில் மணலுக்கடியில் ஆறு இருக்கிறது என்பதை ஊரார் கூடிநின்று கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளும் நாள் என்று அதைச் சொன்னால் பிழையாகாது. மறுநாள் அதே ஊரார் ‘வறண்ட ஆறு’ என்கிறார்கள்.

பருமணலின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். அதில் நிறையும் தண்ணீரில் ஒரு பகுதி மணற்பருக்கைகளோடு ஒட்டிக்கொள்ளும்; மீதி, அதாவது மொத்தப் பருமனில் கால்வாசி, கிணற்றுக்கு ஓடி வரும். மூன்று மீட்டர் கனமுள்ள மணல் ஒரு ஹெக்டேர் இருந்தால் அது 75 லட்சம் லிட்டர் தரும் தொட்டி. மணல் வியாபாரத்தின் அளவையிலேயே சொல்வதானால், ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் ஏற்றிய லாரி ஒன்று ஆற்றை விட்டு வெளியேறும்போது, சுமார் 2,000 லிட்டர் தண்ணீர் தங்கும் இடம் அதோடு வெளியேறுகிறது. குடத்தில் எண்ணினால் 130 குடத்துக்குக் குறையாது. அந்த 130 குடமும் ஒருமுறை போவதோடு முடிவதில்லை. ஆற்றில் தண்ணீர் வரும் ஒவ்வோர் ஆண்டும் அந்த இடம் நிறைந்திருக்கும்.

ஏரித் தண்ணீரை வெயில் குடிக்கிறது. தமிழ்நாட்டுச் சமவெளியில் திறந்த நீர்ப்பரப்பு ஓராண்டில் ஐந்தாறு அடி ஆவியாகிவிடும். மணலுக்கடியில் இரண்டு அடிக்குக் கீழே போன தண்ணீரை வெயில் பெரும்பாலும் எட்டுவதில்லை. ஆகவே ஆறு எவ்வளவு அரிதாக ஓடுகிறதோ அவ்வளவுக்கு அதன் மணலின் மதிப்பு ஏறுகிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆற்றுக்கு மணல் வெறும் படுகை. பாலாற்றுக்கு அதுவே அணைக்கட்டு.

அந்த அணைக்கட்டிலிருந்துதான் காஞ்சிபுரம் குடிக்கிறது. ஓரிக்கை, திருப்பாற்கடல் போன்ற இடங்களில் ஆற்றுப்படுகைக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்து நகரத்துக்குக் குழாய் வருகிறது. மணல் இங்கே தொட்டியாகவும் வடிகட்டியாகவும் இரட்டை வேலை பார்க்கிறது. கிணற்றைச் சுற்றி மணல் இறங்கினால் தண்ணீரும் இறங்கும், வடிகட்டும் கனமும் குறையும்.

குடிப்பதற்கு மட்டுமல்ல, பட்டுக்கும் இதே தண்ணீர்தான். கச்சாப் பட்டின் எடையில் கால்வாசி கோந்து. சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்து அந்தக் கோந்தை நீக்கினால்தான் சாயம் ஏறும். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதற்குப் பதில் திரிந்து அழுக்காகப் படியும். அந்த அழுக்கு நூலில் ஒட்டிக்கொண்ட இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக விழும். ஒரே தொட்டியில் முக்கிய இரண்டு சிட்டம் இரண்டு நிறம் காட்டினால் அந்த நூல் ஒரு சேலைக்குள் சேராது. காஞ்சிப் பட்டின் பளபளப்பு பாலாற்றுத் தண்ணீரால் வந்தது என்று பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் சொல்வதில் பெருமை கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் கடினமில்லாத தண்ணீர் சாயத்துக்கு நல்லது என்பது ரசாயனம். ஆற்றின் நீர்மட்டம் இறங்க இறங்க, கிணறுகள் மணற்படுகையை விட்டுப் பாறை இடுக்கின் பழைய, உப்பேறிய தண்ணீரை இழுக்கத் தொடங்குகின்றன.

வயலுக்கு வந்தால் கணக்கு இன்னும் கண்கூடு. பாலாற்றுப் பாசனத்தில் கசக்கால்வாய் என்று ஒன்று உண்டு. ஊற்றுக்கால் என்றும் சொல்வார்கள். ஆற்று மணலின் கசிவு நீரைத் தலைப்பில் பிடித்து, மெல்லிய சரிவில் மைல் கணக்கில் நடத்திக்கொண்டுபோய் வயலிலோ ஏரியிலோ விடும் கால்வாய் அது. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. ஆற்றுமட்டத்துக்கும் வயல்மட்டத்துக்கும் உள்ள சில அடி வித்தியாசம்தான் அதன் முழு இயந்திரம். படுகை ஐந்து அடி தாழ்ந்தால் கால்வாயின் வாய் ஆற்றுக்கு மேலே தொங்கும். பிறகு எத்தனை முறை தூர் வாரினாலும் அதில் கசிவு ஏறாது. கரையோரக் கிணறுகளுக்கும் இதே கதி: முன்பு ஆறு கிணறுகளுக்குக் கொடுத்தது, படுகை தாழ்ந்தபின் கிணறுகளின் நீர் ஆற்றை நோக்கி வடிகிறது. கடலோரத்தில் நிலைமை இன்னும் மோசம். நன்னீர் மட்டம் தாழ்ந்த இடத்தில் உப்புநீர் உள்ளே நுழையும். வாயலூரில் தடுப்பணை கட்ட வேண்டிவந்ததன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இனி, ‘தானா வந்துடும்’ என்பது. மணல் வானத்திலிருந்து விழுவதில்லை. மேட்டுநிலக் கருங்கல் சிதைந்து, உருண்டு, உடைந்து, வெள்ளத்தோடு நகர்ந்து வருவது அது. வாலாஜாபேட்டையருகே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் நிற்கும் அணைக்கட்டிலிருந்து அண்மையில் எழுந்த தடுப்பணைகள் வரை, ஒவ்வொரு குறுக்குச் சுவரும் மணலைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்கிறது. பாலாறு பெருகி ஓடுவதோ சில ஆண்டுகளில் சில நாட்கள். 2021 நவம்பரில் ஆறு கரை தொட்டு ஓடியது. ஊரே திரண்டு பாலத்தில் நின்று பார்த்தது. அப்படிப்பட்ட வெள்ளமும் மணல் பள்ளத்தைச் சந்தித்தால் முதலில் செய்வது பள்ளத்தின் விளிம்பை அரித்துப் பள்ளத்தை மேலும் மேலும் பின்னோக்கி நீட்டுவதுதான். பாலத்தூண்களின் அடிவாரம் வெளியே தெரிவது இதனால். ஆறு கொண்டுவந்து போடுவதைவிட வேகமாக எடுத்தால் அது சுரங்கம். அந்தச் சொல்லைத் தவிர்த்து ‘அள்ளுவது’ என்று சொல்வதால் வேலை மாறிவிடாது. உலகம் ஆண்டுக்கு 4,000 முதல் 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2019-இல் கணக்கிட்டது. ஆறுகள் அந்த வேகத்தில் மணல் செய்வதில்லை.

குவாரி ஆதரவாளர்களிடம் ஒரு சாமர்த்தியமான வாதம் உண்டு: பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே, அது சேமிப்பு அல்லவா? இதற்கு மாங்காடு அருகே சிக்கராயபுரத்தைச் சான்று காட்டலாம். கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து 2017 வறட்சியில் சென்னைக்குக் கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் அது பாறைக் குழி. தண்ணீர் எளிதில் ஒழுக வழியில்லாததால் மழைநீர் அங்கே நின்றது. ஆற்றுமணல் பள்ளத்தில் தெரியும் தண்ணீர் புதிதாகச் சேர்ந்ததல்ல. ஏற்கெனவே மணலுக்குள் பத்திரமாக இருந்த நிலத்தடி நீர், மூடியைக் கழற்றியதால் வெயிலில் காய்கிறது. உண்டியலை உடைத்துவிட்டு, பணம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே பணம் கூடியிருக்கிறது என்று சொல்வது போன்றது இந்த வாதம்.

இன்னொரு வாதம் அரசியலுடையது. ஆந்திரம் தடுப்பணை கட்டிவிட்டது, ஆறு செத்துவிட்டது, செத்த ஆற்றில் மணலாவது மிஞ்சட்டும் என்பது அது. மேலே தடுப்பணைகள் எழுந்ததும், 1892-ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் ஒப்பந்தத்தைக் காட்டித் தமிழ்நாடு சண்டையிடுவதும் நியாயமான விவகாரம். அதற்கும் மணலுக்கும் உறவு இந்த வாதம் சொல்வதற்கு நேர் எதிரானது. வருகிற தண்ணீர் குறைந்தால், வந்ததைப் பிடித்துவைக்கும் பாத்திரத்தை விற்பது புத்தியாகுமா? மேலே இருப்பவன் மீது வழக்கு நடத்திக்கொண்டே கீழே தன் பானையைத் தானே உடைத்துக்கொள்வது பாலாற்றங்கரையின் விசித்திரம்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 2003-இல் தமிழ்நாடு ஆற்றுமணல் குவாரிகளை அரசே எடுத்துக்கொண்டது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் சொன்னது. மூன்று மீட்டர் அல்லது நீர்மட்டம், இரண்டில் எது குறைவோ அதற்குக் கீழே தோண்டக்கூடாது என்பது 2016 மத்திய வழிகாட்டு நெறி. மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, திரும்பி வந்த மணல் எவ்வளவு என்று பார்த்த பிறகே அனுமதி என்பது 2020-இல் வந்தது. கேரளம் 2001-லேயே மணல் தணிக்கையைச் சட்டமாக்கியது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராகக் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு வழக்கு நடத்தி 2010 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஐந்தாண்டுத் தடை பெற்றார். இவ்வளவு இருந்தும் ‘நஷ்டம் யாருக்கு’ என்ற பேச்சு ஊரில் நிலைத்திருப்பதால், விதியை மீறுகிறவர் ஊரார் கண்ணில் திருடராகத் தெரிவதில்லை. பிருத்வி லிங்கமாக, காமாட்சி பிடித்துவைத்த மணலாக ஏகாம்பரநாதரைக் கும்பிட்டு, கரைந்துவிடக்கூடாதென்று லிங்கத்துக்கு நீரபிஷேகத்தையே தவிர்க்கும் ஊர் இது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பொறுப்பான குவாரி எப்படியிருக்கும் என்பதில் மர்மமில்லை. எடுப்பதற்கு முன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் குறித்து, எடுக்கும்போதும் குறித்து, மட்டம் இறங்கினால் வேலையை நிறுத்த வேண்டும். குடிநீர்க் கிணறுகளைச் சுற்றிய மணலைத் தொடவே கூடாது. கசக்கால்வாய்த் தலைப்பின் மட்டமே படுகையின் அடிமட்ட எல்லை. அதற்குக் கீழே இயந்திரம் இறங்கக்கூடாது. அளவு எடுப்பவர் குவாரிக்காரராக இல்லாமல், அந்தக் கிணற்றில் குடிக்கும் ஊராட்சியாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றும் செலவு பிடித்ததல்ல. ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

எம்-சாண்ட் வந்துவிட்டது, இனி ஆற்றுக்குக் கவலையில்லை என்று முடித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சேதி. மணலுக்கு மாற்றாக உடைபடும் கல் உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வருகிறது. குழி ஆழமானதும் பாறை இடுக்கின் ஊற்று உள்ளே பாய்கிறது. வேலை நடக்க மோட்டார் வைத்து அதை வெளியே இறைக்கிறார்கள். அதே இடுக்குகளில்தான் சுற்றுக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணறுகளும் நிற்கின்றன. குவாரியிலிருந்து போகும் ஒவ்வொரு லாரிக்கும் நடைச்சீட்டு உண்டு: தேதி, வண்டி எண், எத்தனை யூனிட், எங்கே போகிறது. மோட்டார் இறைத்து வாய்க்காலில் விடும் தண்ணீர் எந்தச் சீட்டிலும் ஏறுவதில்லை.