முப்பத்திரண்டு நிமிஷ ஊர்

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டு வந்த நண்பர் ஒருவர் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். மின்னஸோட்டா, ஐயோவா என்று சின்னச் சின்ன ஊர்களையெல்லாம் காரில் சுற்றிப் பார்த்தாராம்.

"எல்லாம் ஒரே அச்சு ஸார். ஒரு தெரு. இரண்டு பக்கமும் செங்கல் கட்டடம். பாதிக் கடைக்குப் பூட்டு. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பிரம்மாண்டமான கடை. கார்களெல்லாம் அங்கேதான் நிற்கின்றன. மலிவாகக் கிடைக்கிற இடத்தில் ஜனங்கள் வாங்குகிறார்கள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?" என்றார்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. நல்ல பதில்களெல்லாம் கேட்டவர் படியிறங்கிப் போன பிறகுதான் எனக்குத் தோன்றும். ஆகையால்தான் வக்கீலாகாமல் எழுத்தாளனானேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன். ஆனால் முதலில் சண்டை பிடிக்க வேண்டியது அவரோடு அல்ல. என் தொழிலைச் சேர்ந்த ஒரு பெரியவரோடு. அதைவிட, இருபது வயதில் இருந்த என்னோடு.

மின்னஸோட்டாவில் ஸாக் ஸென்டர் என்று ஓர் ஊர். இன்றைக்கும் நாலாயிரத்தைந்நூறு பேர் அளவில் வசிக்கிற சிற்றூர்தான். 1885-ல் அங்கே ஒரு வைத்தியருக்குப் பிள்ளையாகப் பிறந்தார் சின்க்ளேர் லூயிஸ். 1920-ல் 'மெயின் ஸ்ட்ரீட்' என்ற நாவலை எழுதினார். கோஃபர் பிரெய்ரி என்று பெயரை மாற்றினாரே ஒழிய, அது தம் ஊர்தான் என்பதை அவர் மறைக்கவும் இல்லை, மற்றவர்கள் கண்டுபிடிக்கச் சிரமப்படவும் இல்லை. நகரத்தில் படித்த கரோல் என்ற பெண், டாக்டர் கெனிகாட்டை மணந்துகொண்டு அந்த ஊருக்கு வருகிறாள். வந்ததும் ஊரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகிறாள். 32 நிமிஷத்தில் ஊர் முழுவதும் தீர்ந்துபோகிறது! அழுக்குக் கண்ணாடி, வாடிய காய்கறி, ஈ மொய்க்கும் சாமான் என்று கடை கடையாக அவள் முகம் சுளிப்பதை லூயிஸ் பக்கம் பக்கமாக எழுதுகிறார்.

புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. 1930-ல் லூயிஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இலக்கியத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்தாம்.

அந்த நாவலை இருபது வயதில் படித்துவிட்டு நான் கரோலின் கட்சியில் சேர்ந்தேன். சேர்ந்த வேகத்தில், மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக்கு எவ்வளவு பருப்பு போகிறது என்பதை வைத்து ஊர்க்கதை பேசும் ஒரு மளிகைக்கடைக்காரரைக் கேலிப் பாத்திரமாக்கிக் கதையும் எழுதினேன். வாசகர்கள் சிரித்தார்கள். நானும் பெருமைப்பட்டேன். அந்தப் பாத்திரத்துக்கு அசலாக இருந்தவர், என் தகப்பனார் வேலையிழந்திருந்த பதினொரு மாதமும் எங்கள் வீட்டுக்குக் கடன் கொடுத்தவர் என்பதை மட்டும் கதையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் சிரிப்பு வந்திராது.

'மெயின் ஸ்ட்ரீட்' நாவலில் ஒரு சிறிய சச்சரவு வருகிறது. முதல் தடவை படித்தபோது அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டேன். இன்ன மளிகைக்கடையில் ஏன் வாங்குகிறாய் என்று கெனிகாட் மனைவியிடம் குறைப்படுகிறான். அந்தக் கடைக்காரர்கள் நோய் வந்தால் வேறொரு டாக்டரிடம் போகிறவர்கள். தன் பணம் அவர்கள் கை வழியாகப் போட்டி டாக்டரிடம் போய்ச் சேருவதா என்பது அவன் கட்சி. அந்தக் கடை நல்ல கடை, சுத்தமான கடை, அதனால் வாங்கினேன் என்பது அவள் கட்சி. லூயிஸ் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. படிக்கிற நாமும் அவள் பக்கம்தான்.

இன்று அந்த இடத்தைத் திரும்பப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெனிகாட்டின் பேச்சில் சுயநலம் இருக்கிறது, அற்பத்தனமும் இருக்கிறது. ஆனால் கரோலுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிற்றூரில் பணம் ஒரு வட்டத்துக்குள் நடக்கிறது. மளிகைக்காரருக்கு நான் கொடுத்த டாலர் செருப்புக்கடைக்குப் போய், அங்கிருந்து தேவாலயத்து உண்டியலுக்கும் பள்ளிக்கூடத்துப் பந்தாட்டக் குழுவின் சட்டைக்கும் போய், என் வீட்டு வாசலுக்கே ஒரு நாள் திரும்பி வருகிறது. கரோலுக்குக் கடை என்பது சாமான் வாங்குகிற இடம். அவள் கணவனுக்கு அது ஊரின் ஓர் அவயவம்.

அந்த ஊர்களில் பொது வாழ்க்கை எப்படி நடந்தது என்று பாருங்கள். தீயணைப்புத் தொண்டர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பான்கேக் சுட்டு விற்பார்கள். மாவு மளிகைக்கடை உபயம். உயர்நிலைப் பள்ளி விழா மலரில் இரும்புச் சாமான் கடையின் விளம்பரம் இருக்கும். விளம்பரத்தைப் பார்த்து எவரும் புதிதாக ஆணி வாங்கப் போவதில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். வாரப் பத்திரிகை ஒன்று வெளிவரும். இன்னார் வீட்டுக்கு இன்னார் விருந்து வந்தார், இன்னார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம், இன்னார் காலமானார் என்று ஊர்ச் செய்திகள் அதில் இருக்கும். நகரத்தார் அதைப் பார்த்து நகைப்பார்கள். அந்தப் பத்திரிகையின் அச்சுக்கூலி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும், இந்த வாரம் முட்டை என்ன விலை என்று மளிகைக்கடை கொடுத்த விளம்பரத்திலிருந்துதான். கடை போனால் விளம்பரம் போகிறது. விளம்பரம் போனால் பத்திரிகை போகிறது. பத்திரிகை போனால், பக்கத்துத் தெருவில் ஒருவர் செத்தது கூடப் பத்து நாள் கழித்துத்தான் தெரிகிறது. 2005 முதல் 2024 வரை அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் அதிகமான பத்திரிகைகள் நின்றுபோயின. பெரும்பாலானவை வாரப் பத்திரிகைகள். அவ்வளவுக்கும் மளிகைக்கடை காரணமல்ல. ஆனால் பல ஊர்களில் அதற்கும் பங்கு உண்டு.

இனி நண்பரின் கட்சிக்கு வருகிறேன். மலிவு என்றார். மலிவு உண்மைதான். பத்து சென்ட் மிச்சம் பிடிப்பது பாவம் என்று சொல்ல நான் யார்? நாலு குழந்தைகளை வைத்துக்கொண்டு வாரக் கூலியில் காலம் தள்ளுகிற ஒரு தாய்க்கு அந்தப் பத்து சென்ட் பெரிது. ஆனால் கணக்கை முழுக்கப் போட வேண்டாமா?

ஐயோவா பல்கலைக்கழகம் ஒன்றின் பொருளாதாரப் பேராசிரியர் கென்னத் ஸ்டோன் அந்தக் கணக்கைப் போட்டார். 1983-லிருந்து 1993 வரை பத்தே வருஷத்தில் ஐயோவா மாநிலம் 555 மளிகைக்கடைகளையும், 298 இரும்புச் சாமான் கடைகளையும், 116 மருந்துக்கடைகளையும் இழந்தது. பழி முழுவதையும் பெரிய கடைகளின் தலையில் போடுவது நியாயமல்ல. அந்தப் பத்து வருஷத்தில்தான் கடன் தாங்காமல் விவசாயக் குடும்பங்களும் நொடித்துப்போயின. வாங்குகிறவர்களே குறைந்தார்கள். ஆனால் ஸ்டோன் கண்ட இன்னொரு சங்கதி கவனிக்கத்தக்கது. பெரிய கடை எந்த ஊருக்கு வந்ததோ அந்த ஊரின் மொத்த வியாபாரம் கூடியது. சுற்றிலும் இருந்த சின்ன ஊர்களின் வியாபாரம் தேய்ந்தது. ஓர் ஊரின் ஆதாயம் பல ஊர்களின் நஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை. வால்மார்ட்டை ஸ்தாபித்த ஸாம் வால்டன் ஆகாயத்திலிருந்து குதித்தவர் அல்லர். 1945-ல் அர்க்கன்ஸாஸ் மாநிலத்து நியூபோர்ட்டில் தெருக்கடை வைத்திருந்தவர். கட்டடத்துக்காரர் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்ததால் கடையை இழந்து, பென்டன்வில் போய் மறுபடி கடை வைத்தவர். 1962-ல் ராஜர்ஸ் என்ற ஊரில் முதல் வால்மார்ட்டைத் திறந்தார். 'இவ்வளவு சின்ன ஊரில் என்ன வியாபாரம்?' என்று பெரிய முதலாளிகள் ஒதுக்கிய ஊர்களைத் தேடிப் போனார். மெயின் ஸ்ட்ரீட்டின் பலவீனங்களை அவரைப்போல அறிந்தவர்கள் இல்லை. அவர் அங்கேயே வளர்ந்த பிள்ளை.

பலவீனங்கள் இல்லாமல் இல்லை. குடியானவனிடம் கூடுதல் விலை வாங்கிய கடைக்காரர்கள் உண்டு. அதனால்தான் சிகாகோவிலிருந்து தபாலில் சாமான் அனுப்பும் மான்ட்கோமரி வார்டு 1872-ல் தோன்றியபோது குடியானவர்கள் கொண்டாடினார்கள். பின்னால் ஸியர்ஸின் விலைப்பட்டியல் புத்தகங்கள் வந்தபோது சில ஊர்களில் கடைக்காரர்கள் அவற்றை வாங்கிக் குவித்து நடுத்தெருவில் கொளுத்தினார்கள். புத்தகத்தைக் கொளுத்தினால் விலை குறையுமா?

அதைவிடப் பெரிய குற்றமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று கறுப்பின மக்களை விரட்டிய ஊர்கள் மத்திய மேற்கில் ஏராளமாக இருந்தன. ஜேம்ஸ் லோவன் 2005-ல் அதைப்பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதினார். எல்லோரையும் பெயர் சொல்லி அழைக்கும் தெரு என்று நாம் உருகுகிறோமே, அந்தத் தெருவுக்கு யாரைச் சேர்க்கக்கூடாது என்பதும் நன்றாகத் தெரிந்திருந்தது. அங்கே அவமானப்பட்ட ஒருவர், பெயரே கேட்காத பெரிய கடையில் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார். இதை மறைத்துவிட்டு மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பரிந்து பேசுவது வக்கீல் வேலை. எழுத்தாளன் வேலை அல்ல.

ஆனாலும் கேட்கிறேன். குடும்பத்தில் குற்றம் இருந்தால் குற்றத்தைத் திருத்துவதா, வீட்டை இடிப்பதா? பெரிய கடை அந்த ஊர்களின் பாரபட்சத்தைத் திருத்த வரவில்லை. கூடி நின்று பேசுவதற்கும், சண்டை போட்டுக்கொள்வதற்கும், ஒருநாள் மன்னிப்புக் கேட்பதற்கும் இருந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டு போயிற்று.

"இதெல்லாம் காலத்தின் போக்கு ஸார்" என்று நண்பர் சொல்லக்கூடும். காலத்தின் போக்கு என்று சொல்லப்படுவதில் பாதி மனிதர்கள் செய்த முடிவு. 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ராபின்ஸன்-பாட்மன் சட்டம் என்று ஒன்று செய்தது. ஒரே சரக்கைப் பெரிய வியாபாரிக்கு ஒரு விலைக்கும் சிறிய வியாபாரிக்கு ஒரு விலைக்கும் தக்க காரணமில்லாமல் விற்றுப் போட்டியைக் கெடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். சட்டம் ரத்தாகவில்லை, ஏட்டில் இருக்கிறது. 1980-களிலிருந்து அதை எடுத்துப் பிரயோகிப்பதுதான் ஏறக்குறைய நின்றுபோயிற்று. தூங்கியது காலமல்ல, காவல்காரன்.

பெரிய கடையோடு கதை முடியவும் இல்லை. பெரிய கடைக்கே சின்னதாகிவிட்ட ஊர்களைத் தேடி 'டாலர்' கடைகள் வந்தன. டாலர் ஜெனரல் என்ற ஒரு கம்பெனிக்கு மட்டும் 2024-ல் இருபதாயிரம் கிளைகள் ஆகிவிட்டன. பெரும்பாலான கிளைகளில் டப்பாவில் அடைத்தது கிடைக்கும். பச்சைக் காய்கறி கிடைப்பது துர்லபம். கரோல் வாடிய காய்கறியைப் பார்த்து முகம் சுளித்தாள். அவள் பேத்திகள் பலருக்கு வாடியதும் இல்லை.

ஸாக் ஸென்டர் ஊரார் பிற்காலத்தில் என்ன செய்தார்கள்? தங்களைப் பரிகசித்த மனிதரை மன்னித்தார்கள். 1951-ல் ரோமாபுரியில் காலமான லூயிஸின் அஸ்தி அந்த ஊர் மண்ணில்தான் புதைக்கப்பட்டது. ஒரு வீதிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அசல் மெயின் ஸ்ட்ரீட் என்று தெருவிலேயே பெயர்ப்பலகை மாட்டினார்கள். ஜூலை மாதத்தில் அவர் பெயரால் திருவிழாவும் ஏற்படுத்தினார்கள். இந்தப் பெருந்தன்மைக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் திருவிழா மட்டும் எந்த ஊரையும் காப்பாற்றாது. மத்திய மேற்கில் விழா இல்லாத ஊர் அபூர்வம். ஊர்வலம் பார்க்கக் கூடுகிற ஜனங்கள், கடைத்தெருவைப் பார்த்துக் கண்ணீர் விட்டுவிட்டு, போகிற வழியில் நெடுஞ்சாலைக் கடையில் வண்டியை நிறுத்துகிறார்கள். 2010-ல் சிறிய கடைகளுக்கென்று ஒரு சனிக்கிழமையை அனுஷ்டிக்கும் வழக்கமும் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்னும் கடன் அட்டைக் கம்பெனி! வருஷத்தில் ஒரு நாள் அன்பு. மற்ற நாட்கள் கணக்கு.

வேறு வழியே இல்லையா? கான்ஸாஸ் மாநிலத்தில் ஸென்ட் பால் என்று சில நூறு பேர் வசிக்கும் ஊர். 1985-ல் அங்கே மளிகைக்கடை மூடப்பட்டது. இருபது வருஷத்துக்கு மேல் கடையில்லாமல் இருந்தார்கள். பிறகு ஊரார் சேர்ந்து 2008-ல் ஒரு கடையைத் திறந்தார்கள். 2013-ல் நகரசபையே அதை வாங்கிக்கொண்டது. தண்ணீர்க் குழாயைப்போல, தெரு விளக்கைப்போல, மளிகைக்கடையும் ஊருக்கு வேண்டிய ஒன்று என்று அவர்கள் தீர்மானித்தார்கள். பெரிய தத்துவம் பேசவில்லை. இருபது வருஷம் கடையில்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தத்துவம் தேவைப்படவில்லை.

லூயிஸ் பொய் எழுதவில்லை. அவர் கண்டதெல்லாம் உண்மை. ஆனால் 32 நிமிஷம் நடந்து பார்க்கிறவர்களுக்கு அழுக்குக் கண்ணாடி தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற கடன் நோட்டு தெரியாது. அவரும், அவரைப் படித்த எங்களைப் போன்றவர்களும், ஒரு தலைமுறைக்கே தன் தெருவைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொடுத்தோம். பிறகு அந்தத் தெருவைப் பிடுங்க ஆள் வந்தபோது, அதற்காகச் சண்டை போடும் வார்த்தை ஊராரிடம் இல்லை. 'மலிவு' என்ற ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. அந்த வார்த்தையைத்தான் நண்பரும் என்னிடம் சொன்னார்.

இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்டாரல்லவா? பத்து சென்ட் மிச்சம் பிடித்தவர்களைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. பதினொரு மாதம் கடன் கொடுத்த மனிதரைச் சிரிப்புக்கு ஆளாக்கிக் காசு பார்த்தவனைப் பற்றித்தான் வருத்தம். நண்பர் அடுத்த தடவை வரும்போது அந்தக் கதையை எடுத்து அவர் கையில் கொடுத்து, பின்கதையையும் சொல்லப்போகிறேன்.