மூன்று முருகன்கள்

2017 ஜூன். ஜூலை 1-லிருந்து ஜி.எஸ்.டி. என்று கடைவீதியே அல்லாடிக்கொண்டிருந்தது. மதுரையில் ஒரு மொத்த வியாபார இரும்புக்கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி பி.காம்.தானே? கணக்கையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க!"

ஏதோ மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி! நானும் டாலியோடு உட்கார்ந்துவிட்டேன்.

எதிர் மேஜையில் கணக்குப்பிள்ளை ஐயா. 31 வருஷ சர்வீஸ். மூக்கு நுனியில் கண்ணாடி, முன்னால் பேரேடு. அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாங்குகளில் கம்ப்யூட்டர் வைக்க யூனியன்களோடு 1983-ல் ஒரு ஒப்பந்தம், 1993-ல் இன்னொன்று. பத்து வருஷம் பேசியிருக்கிறார்கள் ஸார்! எங்கள் கடையில் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை.

நாலே நாளில் எல்லா பார்ட்டியையும் ஏற்றி, பாக்கிக் கடுதாசியும் பிரிண்ட் அடித்து அனுப்பினேன். ரெண்டு நாள் கழித்துக் கடை வாசலில் ஒருத்தர் ருத்ர தாண்டவம். "எவன்யா எனக்கு 82,000 ரூபா பாக்கின்னு எழுதினவன்?"

பேரேட்டில் முருகன்கள் மூன்று பேர். ஒருவர் மேலூர், ஒருவர் திருமங்கலம். மூன்றாமவர் ரொக்கம் கொடுத்தே சரக்கெடுப்பவர். தள்ளுபடிக் கணக்குக்காக மட்டும் ஒரு பக்கம். எந்தப் பக்கம் எந்த முருகன் என்பது ஐயாவின் மண்டைக்குள்தான் இருந்தது. நான் மூவரையும் ஒரே லெட்ஜரில் போட்டு... அறுபடை வீட்டையும் ஒரே தெருவில் கட்டியிருந்தேன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்க கேக்கலியே தம்பி!"

சாயங்காலம் டீ குடிக்கையில் அவரே மெதுவாக, "ஏத்தி முடிச்சாச்சுன்னா... நான் வரவேண்டாமா தம்பி?" என்றார். எனக்கு டீ இறங்கவில்லை. நேரே அண்ணாச்சியிடம் போய், "ஐயா இல்லாம இது நேராகாது" என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 20 முதல் ரிட்டர்னுக்குக் கெடு. வெப்சைட் சுற்று சுற்றென்று சுற்றியதில் 25 வரை நீட்டித்தார்கள். அந்த அஞ்சு நாள் எனக்கு வரப்பிரசாதம். அவர் பேரேட்டைப் படிக்க, நான் தட்ட... மூணாம் நாள் "தள்ளுங்க" என்று கீபோர்டை இழுத்துக்கொண்டார். டாலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6.

"செலவுக்கு அஞ்சு, வரவுக்கு ஆறு. வரவு ஒண்ணு கூடத்தான் இருக்கு. நல்ல மிஷின்தான்!"

ஆனாலும் பேரேட்டை விடவில்லை. ராத்திரி கடை சாத்துமுன் ரெண்டையும் ஒத்துப் பார்ப்பார். ஒருநாள் 40 ரூபாய் உதைத்தது. "பாத்தீங்களா உங்க மிஷினை!" என்று முக்கால் மணி நேரம் தேடினார்.

தப்பு பேரேட்டில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, "அண்ணாச்சிகிட்ட சொல்லிடாதீங்க தம்பி" என்றார்.