செத்து மிதந்தால்தான் சாட்சியா?

கடையில் ஒரு நாக்கு, விசாரணையில் வேறொரு நாக்கு. நனோ வெள்ளி வணிகத்திற்காக வாதாடுவோரின் பேச்சைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் பத்திரிகைக்காரன் என்ற வகையில் நான் கண்டது இதுதான். வியர்வை நாற்றம் வீசாத காலுறை, கிருமி அண்டாத உணவுப் பெட்டி என்று விற்கும்போது அது உலகம் காணாத புதுமை. பாதுகாப்புச் சோதனை எங்கே என்று கேட்டாலோ, அது பாட்டன் காலத்து வெள்ளிதான்!

நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. வெள்ளியை நூறு நனோமீற்றருக்கும் குறைவான துகள்களாக்கினால் அதன் மேற்பரப்பு பன்மடங்கு பெருகும். அங்கிருந்து வெள்ளி அயன்கள் கசியும். பற்றீரியாவைக் கொல்வதில் பெரும்பங்கு இந்தக் கசிவுக்கே. அது காலுறையோடு நின்றுவிடுவதில்லை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சில காலுறைகள் நான்கே சலவைகளில் தம்மிடமிருந்த வெள்ளியை ஏறக்குறைய முழுவதும் இழந்திருந்தன.

அந்த நீர் போய்ச்சேரும் இடத்தில் மீன் வாழ்கிறது. நன்னீர் மீனின் உடலிலுள்ள உப்பு ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கும். இழந்த சோடியத்தைச் செவுள்களின் வழியே மீண்டும் உறிஞ்சித்தான் அது உயிர் தரிக்கிறது. வெள்ளி அயன் அடைப்பது அந்த வழியைத்தான்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் வெள்ளியின் பெரும்பகுதி சல்பைட்டாக மாறிச் சேற்றில் படிந்துவிடும் என்பது அவர்கள் தரும் பதில். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சுத்திகரிப்பு நிலையமே இல்லாத ஊர்களுக்கு அந்தப் பதிலால் என்ன பயன்? எமது நாட்டில் பெரும்பாலான ஊர்கள் அப்படிப்பட்டவையே.

கண்ணாடித் தொட்டியில் சில நாட்கள் மீனை வைத்துப் பார்ப்பது போதாது என்பதைக் கனடா காட்டியிருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில், 1968 முதல் முழு ஏரிகளையே ஆய்வுகூடமாகக் கொண்ட பிரதேசம் ஒன்று உண்டு. அங்கே 222ஆம் இலக்க ஏரியில் 2014, 2015 ஆகிய இரு ஆண்டுகளிலும் நனோ வெள்ளி சேர்க்கப்பட்டது. மீன்களின் ஈரலில் வெள்ளி தங்கியது. மஞ்சள் பேர்ச் மீன்களின் தொகை குறைந்தது. அவை உட்கொண்ட இரையும் குறைந்தது. பேர்ச்சைத் தின்று வாழும் பைக் மீனின் வளர்ச்சி குன்றியது. செத்த மீனை எண்ணும் சோதனையில் இவற்றுள் எதுவும் அகப்படாது.

அந்த ஆய்வுப் பிரதேசத்தைத்தான் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டொலரை மிச்சம்பிடிப்பதற்காகக் கைகழுவிவிடப் போவதாகக் கனடிய மத்திய அரசு 2012இல் அறிவித்தது. விஞ்ஞானிகள் எழுப்பிய எதிர்ப்பின் பின், 2014இல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்றதால் அது தப்பியது. சாட்சி தேடுவோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சாட்சி எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். நனோ வெள்ளிப் பொருள் ஒன்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது. பழைய வெள்ளியின் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும், ஆகவே சூழலில் சேரும் வெள்ளி குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த ஊகத்துக்குப் போதிய சான்று இல்லை என்று கூறி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் அனுமதியை இரத்துச் செய்தது.

நான் கேட்பது தடையல்ல. தீக்காயத்துக்கு மருந்தாகும் வெள்ளி இருக்கட்டும். காலுறைக்கு அது எதற்கு? பொருளில் எவ்வளவு வெள்ளி உண்டு, சலவையில் எவ்வளவு கழன்றுபோகும் என்பதை உறையில் அச்சிடுங்கள். தீங்கில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை விற்பவர் சுமக்கட்டும். இன்று அந்தப் பொறுப்பு மீனின் தலையில் அல்லவா இருக்கிறது? தனக்குத் தீங்கு நேர்ந்ததென்று அது செத்து மிதந்து நிரூபிக்கும்வரை, ஆற்றில் கலப்பது இலாபக் கணக்கில் சேராத வெறும் கழிவு.