இருமுறை உருகும் பொருள்

சென்ற மே மாதம், அக்கினி நட்சத்திர வெயிலில், மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாட்டி வடாம் பிழிந்து காய வைத்திருந்தார்கள். காக்கை விரட்டும் வேலை என்னுடையது. பிறந்த நாளுக்குச் சித்தப்பா வாங்கித் தந்த டிஜிட்டல் கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்தவள், அதை மறந்தே போனேன். மீண்டும் எடுத்தபோது அதன் முகம் முழுவதும் தார் பூசியதுபோல் கறுத்திருந்தது! அழாத குறையாகக் கீழே ஓடி வந்து மின்விசிறியின் அடியில் வைத்தேன். சில நிமிடங்களில் கறுப்பு மெல்ல விலகியது, எண்கள் தெரிந்தன. நேரமும் சரியாகவே இருந்தது.

“ஏன் இப்படி ஆயிற்று?” என்று பெரியப்பாவிடம் கேட்டேன். “பொதுத் தேர்வில் இதையா கேட்கப் போகிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?” என்றார். பெரியப்பாவின்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு எனக்குப் பெரிய வழக்கு இருக்கிறது.

கடிகாரத்தின் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே இருப்பது திரவப் படிகம். தண்ணீரைப்போல் ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல் ஓர் ஒழுங்கில் நிற்கும். முன்னும் பின்னும் ஒளியை ஒரே தளத்தில் மட்டும் விடும் இரண்டு தாள்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். நடுவில் உள்ள மூலக்கூறுகள் ஒளியைத் திருப்பிவிடுவதால்தான் அது இரண்டாம் தாளையும் கடக்கிறது. மின்சாரம் பாயும் இடத்தில் அவை நிமிர்ந்து நின்றுவிட, ஒளி திரும்புவதில்லை; அவ்விடம் கறுக்கிறது. அதுவே நாம் காணும் எண். வெயிலில் சூடு மிகுந்தால் அந்த ஒழுங்கே குலைந்து வெறும் திரவமாகிவிடும். பிறகு ஒளியைத் திருப்ப யாரும் இல்லை. முகம் முழுவதும் இருட்டு.

இதன் கதை கேரட்டில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா, தோழியரே? 1888-இல் பிராகு நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவரவியலார், கேரட்டில் உள்ள கொலஸ்டிராலை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து உண்டாக்கிய ஒரு பொருள் 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது. 178.5 டிகிரியில் திடீரெனத் தெளிந்தது. ஒரு தூய பொருளுக்கு ஓர் உருகுநிலை என்றல்லவா நாம் படிக்கிறோம்? அவரும் திகைத்து, ஜெர்மானிய இயற்பியலார் ஆட்டோ லேமனுக்கு எழுதிக் கேட்டார். என் கடிகாரம் மாடியில் செய்தது அந்த இரண்டாம் உருகலையேதான்.

‘என்ன பயன்?’ என்று அன்று கேட்டிருந்தால் ரைனிட்சர் என்ன பதில் சொல்லியிருப்பார்? அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் திரவப் படிகத் திரையைச் செய்து காட்டியது 1968-இல். இடையில் எண்பது ஆண்டுகள்! சாதாரண அறை வெப்பத்தில் நிலைத்து நிற்கும் நல்ல பொருளை இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே உருவாக்கியது 1973-இல்.

நம் பக்கத்து ஊரான பெங்களூருக்கும் இதில் பங்கு உண்டு. நீண்ட குச்சி போன்ற மூலக்கூறுகளே திரவப் படிகமாகும் என்று எல்லாரும் எண்ணியிருந்த காலத்தில், 1977-இல், இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகிய மூவரும் வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும் என்று காட்டினார்கள். நடுவில் ஒரு பென்சீன் வளையம், சுற்றிலும் ஆறு கிளைகள். நாணயங்களை அடுக்கியதுபோல் அவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். இந்தச் சந்திரசேகர், நம் மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். 1983-இல் நோபல் பரிசு பெற்ற விண்மீன் சந்திரசேகரோ, இராமனின் அண்ணன் மகன். என் வகுப்பில் எல்லாருக்கும் இரண்டாமவரைத் தெரிந்திருந்தது. முதலாமவரை ஒருத்திக்கும் தெரியவில்லை. (எனக்கும் ஜூன் மாதம்வரை தெரியாது.)

வட்டத் தட்டுகளால் அன்று ஒரு பயனும் இல்லை. பிற்பாடு கணிப்பொறித் திரைகள் வந்தபோது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் படம் மங்கும் குறை இருந்தது. 1990-களில் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் அத்தகைய தட்டு மூலக்கூறுகளைப் பூசிய படலம் ஒன்றைச் செய்து அந்தக் குறையைப் பெரிதும் போக்கியது.

“பார்த்தாயா, கண்டுபிடித்தது நாம், காசு பார்த்தது அவர்கள்” என்கிறார் பெரியப்பா. நியாயமான வருத்தம்தான். இன்றும் நாம் திரைகளைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கிறோம். ஆனால் அது பெங்களூரில் கேள்வி கேட்டவர்களின் குற்றமா? விடை கிடைத்த பிறகு அதைக் கையில் எடுக்க இங்கு ஆள் இல்லாமற் போனதுதான் குற்றம். பயனைக் கேட்க வேண்டிய நேரம் அதுவே. நாமோ ஒரு சிறுமி ‘ஏன்’ என்று வாய் திறக்கும்போதே கேட்டுவிடுகிறோம்.

எங்கள் அறிவியல் கண்காட்சியில் அந்தக் கடிகாரத்தை ஹேர் டிரையரால் கறுக்க வைத்துக் காட்ட சிஸ்டர் அனுமதி தந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிய கேரட் ஒன்றையும் வைத்தேன். “மெழுகும் இரண்டு முறை உருகுமா, அக்கா?” என்று ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நாளை மெழுகும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்திற்கு வரச் சொன்னேன். மாலையில் பார்த்தபோது கடிகாரம் இருந்தது. கேரட்டை யாரோ தின்றுவிட்டிருந்தார்கள்.