தீட்டில்லாத செல்லும் தீட்டான உடம்பும்

"விஞ்ஞானத்துக்குச் சாதி கிடையாது" என்று பல்கலைக்கழக மேடைகளில் முழங்குகிறார்கள். கை தட்டவும் ஆள் இருக்கிறது. தொட்டியம் காலனியிலிருந்து போய், சோதனைக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்களுக்குத் தீனி போட்டு வளர்த்தவன் நான். அந்தச் செல்லுக்கே ஒரு சேரி உண்டு தோழர்களே.

புற்றுநோய் ஆய்வென்றால் நம் ஊர் மாணவர் கைக்கு முதலில் வருவது 'ஹீலா' செல். பூனாவிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து குடுவையில் வரும். யார் சதை அது? ஹென்றியேட்டா லாக்ஸ் என்கிற கறுப்பினப் பெண்ணுடையது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் புகையிலைக் காட்டில் பாடுபட்டவள். அய்ந்து பிள்ளை பெற்றவள். 1951இல் கருப்பைவாய்ப் புற்றோடு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனாள். கறுப்பருக்கு அங்கே தனி வார்டு. கட்டியில் ஒரு துண்டை ஆய்வுக்கென்று வெட்டி எடுத்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், செத்துப்போனாள். செல் சாகவில்லை.

சாதாரணச் செல்லைக் குடுவையில் வளர்த்தால் ஏறக்குறைய 50 தடவை பிரிந்து ஓய்ந்துவிடும். ஹீலா ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஓய்வே கிடையாது. சாதாரணச் செல்லில் 46 குரோமோசோம். இதில் 80ஐ நெருங்கும். காரணம், எச்.பி.வி.-18 என்ற வைரஸ். கெட்டுப்போன செல்லை நிறுத்திவைக்கிற பி53 என்ற காவல் புரதத்தையே அது ஒழித்துக்கட்டுகிறது. இந்த வைரஸ்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுக்கும் உள்ள உறவை 1980களில் கண்டு சொன்ன ஹெரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு. இன்றைய தடுப்பூசிக்கு வேர் அந்த ஆய்வு.

1950களில் போலியோ தடுப்பூசியைச் சோதிக்கவும் இதே செல்தான். அதை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்த இடம் டஸ்கீகி. கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் மருந்தைத் தராமல் 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்த அதே டஸ்கீகி! அப்போது எந்த வெள்ளைக்காரனாவது "இது கறுப்புச் செல், என் பிள்ளைக்கு ஆகாது" என்றானா? குடுவைக்குள் அவள் 'மனித செல்', வார்டுக்குள் 'கறுப்பி'. உடம்புக்குத் தீட்டு உண்டு, செல்லுக்குத் தீட்டு இல்லை. இங்கே மட்டும் என்ன வாழுது? டீக்கடையில் நமக்குத் தனி டம்ளர் வைத்தவனும் தன் பிள்ளைக்குப் போலியோ சொட்டு போட்டுக்கொண்டான்.

அவள் பேரையும் மறைத்தார்கள். 'ஹெலன் லேன்' என்று பொய்ப்பேர் உலவியது. குடும்பத்துக்கு விஷயம் தெரிந்ததே 1970களில்தான். செல்லை விற்றுச் சம்பாதித்த ஒரு பெரிய கம்பெனி குடும்பத்தோடு சமரசத்துக்கு வந்தது 2023இல். 72 வருஷம்!

"அது அமெரிக்காக்காரன் கதை" என்று நழுவ வேண்டாம். 1999-2000இல் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஒருவரின் சோதனை மருந்து, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு ஊசியாய் ஏறியது. விவகாரம் 2001இல் வெடித்தது. முறையான அனுமதி இல்லாமல் நடந்தது என்று அந்தப் பல்கலைக்கழகமே சொல்ல வேண்டிவந்தது.

நம் பக்கத்து மாவட்டம் திண்டுக்கல்லுக்கு வருவோம். 2000இல் தொடங்கிய ஆய்வு அது. ஒரு பகுதிப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் மலிவான பரிசோதனையும் சிகிச்சையும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னும் 30,958 பெண்கள் 'வழக்கமான கவனிப்பில்' விடப்பட்டார்கள். கிராமத்து ஏழைப் பெண்ணுக்கு 'வழக்கமான கவனிப்பு' என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? 2007இல் முடிவு வெளியானது: பரிசோதனை பெற்ற பகுதியில் சாவு 35 விழுக்காடு குறைவு. நல்ல முடிவு, யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் சோதனைக்கூடத்தில் ஒப்பீட்டுக்கு நிற்பது செல். திண்டுக்கல்லில் ஒப்பீட்டுக்கு நின்றது பெண். இந்த வித்தியாசம் உறுத்தாத விஞ்ஞானம் யாருக்கான விஞ்ஞானம்?

சோதனைக்கூடத்திலிருக்கும் நம் மாணவத் தோழர்களுக்கு ஒன்று. மூலிகைச் சாறு ஊற்றினேன், ஹீலா செத்தது, புற்றுக்கு மருந்து கிடைத்தது என்று பத்திரிகைக்குப் பேட்டி தராதீர்கள். பிளீச்சிங் பவுடர் ஊற்றினாலும்தான் சாகும். சாதாரணச் செல் பிழைத்ததா என்பதுதான் கேள்வி. அந்தச் 'சாதாரணச் செல்' என்று பல இடங்களில் வைப்பது ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகச் செல்! இதை மறைத்துச் சொல்கிற ஒவ்வொரு 'கண்டுபிடிப்பும்' நோயில் கிடக்கிற நம் அக்காமாரிடம் விற்கிற பொய். அவள் அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நின்றுவிடுவாள்.

தடவிப் பார்க்கும் பரிசோதனை அரசுத் திட்டமாகவும் ஆகிவிட்டது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கும். தொட்டியத்தில் வாழைக்குத் தண்ணி கட்டவும் கோரை அறுக்கவும் விடியுமுன் கிளம்புகிற எங்க சனம் எப்போது போய்ப் படுத்துக் காட்டும்? போனால் ஒரு நாள் கூலி போச்சு. புண் இருக்கிறதென்று திருச்சிக்கு எழுதிக் கொடுத்தால் வாரக் கூலியும் போச்சு. கூசிக் கூசி மறைத்து, நாற்றமெடுத்த பிறகுதான் வெளியே சொல்கிறாள்.

ஆகவே நாம் கேட்பது நன்றியறிதல் அல்ல, கடன் பாக்கி. பரிசோதனை முகாம் ஊர்த்தெருவில் அல்ல, சேரிக்குள் நடக்க வேண்டும். பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் போகிற நாளுக்குக் கூலி தர வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி முதல் வரிசையில் கிடைக்க வேண்டும். நம் உடம்பிலிருந்து எடுக்கிற எதற்கும், புரிகிற தமிழில் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். முடியாதென்று சொல்கிற உரிமையும் வேண்டும்.

ஒடுக்கப்பட்டவளின் செல் எழுபது வருஷத்துக்கு மேலாகச் சாகாமல் இருக்கிறது. அவளைப் போன்றவர்கள் மட்டும் ஏன் இன்னும் அதே நோயில் சாக வேண்டும்? இதற்குப் பதில் சொல்லிவிட்டு, விஞ்ஞானத்துக்குச் சாதி இல்லை என்று மேடையில் பேசட்டும்.