லாகின் பக்கமும் முன்பணக் கணக்கும்



நம் இறுதியாண்டு புராஜெக்டில் முதல் இரண்டு மாதம் எதில் போகிறது? லாகின் பக்கம், பாஸ்வேர்டு, மெனு, அதற்கு ஒரு கலர். வைவாவுக்கு முந்தின நாள்தான், "கணக்கு எப்படிப்பா வரணும்?" என்று எவனாவது கேட்பான். இது தலைகீழாக மாற வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

லாகின், தேடல், யார் எதைப் பார்க்கலாம் என்கிற அனுமதி எல்லாம் தயாராகவே கிடைக்கின்றன. மும்பையைச் சேர்ந்த ரஷப் மேத்தா உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட்டின் அடித்தளமான ஃபிராப்பே அப்படி ஒன்று. பைத்தானில் எழுதியது, இலவசம், மூலநிரலும் நம் கைக்கு வரும். 'டாக்டைப்' என்று ஒரு படிவத்தை வரையறுத்தால், மரியாடிபியில் அட்டவணையையும் திரையில் படிவத்தையும் அதுவே போட்டுக்கொள்ளும். சந்தா கட்ட முடிந்தால் நம்மூர் ஜோஹோ 2006இல் கொண்டுவந்த கிரியேட்டர் இருக்கிறது.

"ரெடிமேடு போட்டா நாம என்னத்த படிச்சோம்?" என்று வகுப்பு நண்பன் சண்டைக்கு வந்தான். கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறி மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு நாள் வாடா என்றேன். அங்கே உப்புத் தண்ணியை யாரும் தயாரிப்பதில்லை. பாத்தி மிதிப்பதிலும், எப்போது வாருவது என்பதிலும்தான் கைத்திறன்.

நான் எடுத்தது உப்பளக் கூலிக் கணக்கு. மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். அப்போது வாங்கின முன்பணம் சீசனில் கூலியில் கழியும். திரைகள் இரண்டு நாளில் முடிந்தன. முன்பணத்துக்கு மட்டும் மூன்று வாரம்! வாரா வாரம் ஒரே தொகை பிடிப்பதில்லை. திருவிழா வாரம் பிடிப்பதே இல்லை. புருஷன் வாங்கினதைப் பெண்சாதி கூலியிலும் பிடிப்பார்கள். எங்க அம்மா பேரில் ஒரே தொகையை இரண்டு தடவை பிடித்திருந்தது, அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இந்த விதியெல்லாம் எந்த ஃபிரேம்வொர்க்கிலும் வராது. பாத்தி ஓரமாக உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதணும்.

ஒன்றில் மட்டும் உஷார். ஒரு காலத்தில் எத்தனையோ கடை பில் ஃபாக்ஸ்புரோவில்தான் ஓடியது. மைக்ரோசாஃப்ட் 2004இல் கடைசிப் பதிப்பை விட்டது, 2015இல் ஆதரவை நிறுத்தியது. எந்தக் கருவியானாலும் தகவலை வெளியே எடுக்க வழியுண்டா என்று முதல் நாளே பாருங்கள்.

மேஸ்திரி இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். சனிக்கிழமை சாயந்திரம் நான் அதைப் பார்த்து ஏற்றி, பத்துப் பேருக்கு மீதிச் சீட்டு அடித்துக் கொடுக்கிறேன். மூட்டைக் கணக்கு இன்னும் சேர்க்கவில்லை. ஜூனியர்கள் யாராவது தொடர்வதானால் நிரலைத் தருகிறேன், கம்ப்யூட்டர் லேபில் வந்து கேளுங்கள்.