எட்டு வருஷத்தை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

திருவிடைமருதூரில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறவன் என்றால் வசதிக்காரன் என்கிறார்கள். மாசாமாசம் கைக்காசைப் போட்டு அந்த வீட்டை நிறுத்திக்கொண்டிருப்பவனை என்னவென்று சொல்வார்கள்?

ஒரு மா நஞ்சையை விற்றேன். அது போதாமல் 2021-ல் வங்கியில் 20 லட்சம் வாங்கி, ஸ்டேஷன் பக்கத்து மனையில் கட்டினேன். வட்டி 6.7 சதவீதம், 20 வருஷம், தவணை 15,150 ரூபாய். வாடகை இரண்டும் சேர்ந்து 11,000. துண்டு விழும் நாலாயிரத்துச் சொச்சத்தைச் சம்பளத்தில் தாங்கிவிடலாம். 2041-ல் எனக்கு 60 வயதாகும், கடனும் தீரும், அதன்பிறகு அந்த வாடகைதான் கஞ்சி. இப்படித்தான் எண்ணிக் கட்டினேன், எண்ணியதில் பிசகில்லை.

2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை ஏற்றத் தொடங்கியது. 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5 ஆகி நின்றது. அதோடு சேர்ந்து ஏறி என் கடன் வட்டியும் 9.2 ஆயிற்று. அந்த மார்ச் மாத ஸ்டேட்மெண்டை இன்னமும் வைத்திருக்கிறேன். கட்டியது 15,150. வட்டிக்குப் போனது 14,760. அசலில் கழிந்தது 390! தலைமடை குடித்தது போகக் கடைமடைக்கு வந்த சொட்டு அவ்வளவுதான்.

அடுத்த ஸ்டேட்மெண்டில் தவணை 16,250. கடைசித் தவணை 2049. ஒரு கடுதாசி இல்லை, ஒரு போன் இல்லை.

வாடகையை ஏற்றேன் என்கிறார்கள். யாரிடம்? கீழ்ப் போர்ஷன்காரர் பட்டு நெசவாளி. நடையில் தறிக்குழி வெட்டிக்கொள்ள நானே சம்மதித்தேன். ஐப்பசி அடைமழையில் குழியில் தண்ணீர் ஊறி, பாவில் ஈரம் ஏறினால் தறி நின்றுவிடும். "அண்ணே, சேலை அறுத்துக் குடுத்ததும் தந்துடறேன்" என்று படியில் நின்று சொல்கிற மனுஷனிடம் எப்படி ஐந்நூறு கூடக் கேட்பேன்? அவர் வாடகைக்கு மழை விட வேண்டும். வங்கிக்கு 5-ம் தேதி காலை பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், சுண்ணாம்பு எல்லாம் தனி.

வட்டி மாறும் என்ற தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான், மறுக்கவில்லை. ஆயுசில் எட்டு வருஷத்தை எடுத்துக்கொள்வோம் என்று அந்தத் தாளில் எங்கே இருந்தது? தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரனைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கியே 2023 ஆகஸ்டில் உத்தரவு போட்டது. கேட்காமல் நீட்டி முடித்த பிறகு வந்த உத்தரவு! என்னைக் கேட்டிருந்தால் வயிற்றைக் கட்டியாவது தவணையைக் கூட்டிக் கட்டியிருப்பேனே.

2025-ல் ரெப்போ நான்கு தடவை இறங்கியது. தவணையில் கொஞ்சம் குறைத்தார்கள். 2049 மட்டும் அசையவில்லை. வருஷத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்தால், "மேலே அனுப்பியிருக்கோம் சார்" என்கிறார்கள். நீட்டும்போது எந்த மேலிடத்தைக் கேட்டீர்கள்?

நிலமும் போயிற்று. 2049-ல் எனக்கு 68 வயது. அந்த வயதில் எந்தச் சம்பளத்திலிருந்து பிடிக்கப் போகிறீர்கள், சொல்லுங்கள்.